ஆர்.சி. புக்கில் இல்லாத எஞ்சின்

கோவையிலிருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் வேலை பார்த்து ஊர் திரும்பிய ஒரு டாக்டரின் குடும்பத்திடமிருந்து, 1996 மாடல் டொயோட்டா செலிகா காரை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வாங்கினார். டாக்டர் திரும்பி வரும்போது கூடவே கொண்டுவந்து 1998இல் இங்கே பதிவு செய்த வண்டி. இரண்டு கதவு, எஸ்.டி.202 சேஸி, 1998 சிசி கொண்ட 3எஸ்-ஜிஇ எஞ்சின். ஆர்.சி. இவர் பெயருக்கு மாறிவிட்டது. 2013, 2018, 2023 என்று எஃப்.சி. முறையாகப் புதுப்பிக்கப்பட்டு 2028 வரை இருக்கிறது. கடன் எதுவும் இல்லை. வண்டி பழசு என்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான்.

இப்போது எஞ்சின் நீலப் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார். ஒன்று, ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப் கட்டிலிருந்து, அதாவது பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய காரிலிருந்து, 3எஸ்-ஜிடிஇ டர்போ எஞ்சினை (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டும் வகை) எடுத்துப் பொருத்துவது. ஏழரை லட்சம். இரண்டு, இருக்கிற எஞ்சினுக்கே டர்போ கிட் போடுவது. நான்கு லட்சம். மூன்று, எஞ்சினை இறக்கி முழுசாகச் சரிசெய்வது. இரண்டேகால் லட்சம். வாசகரின் மனசு முதல் யோசனையில் நிற்கிறது. ஒன்றரை லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டார். "பழைய நெம்பரையே புது எஞ்சினில் பஞ்ச் பண்ணித் தர்றேன், எந்த பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது" என்று ஒர்க்‌ஷாப்காரர் உறுதி சொன்னாராம். அந்த வார்த்தைதான் இவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

"டொயோட்டாவே இந்த டர்போ எஞ்சினை செலிகாவில் போட்டு விற்றிருக்கிறது. சிசியும் அதே 1998. மாற்றிவிட்டு 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்தால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருப்பதால் விபத்து நடந்தாலும் கவலை இல்லைதானே? சட்டப்படி நான் எதுவரை போகலாம், வக்கீல் சார்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

எஞ்சின் நெம்பரை வெட்டி அடிப்பது சரியில்லை என்று உங்களுக்கே தோன்றியிருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். எனவே அந்த ஒன்றை மட்டும் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது, நெம்பரைத் தொடாமல் நேர்மையாகவே டர்போ எஞ்சினைப் போட்டாலும் சிக்கல் இருப்பதை நீங்கள் உணரவில்லை என்று பட்டது. முதலில் அதைச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் விலை போட முடியாத பொருள் எது என்று கேட்டால், நீங்கள் எஞ்சினையோ பாடியையோ சொல்வீர்கள். நான் ஆர்.சி.யைச் சொல்வேன். எஞ்சின் போனால் இன்னொன்று தேடலாம். பம்பர் உடைந்தால் ஃபைபரில் செய்துகொள்ளலாம். அந்தப் பதிவு ரத்தானால், முப்பது வருஷம் பழசான ஒரு வெளிநாட்டு வண்டியை இன்றைய விதிகளின்படி மறுபடி பதிவு செய்ய வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உபயோகித்த காரை இறக்குமதி செய்யவே மூன்று வயதுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இப்போதைய நிபந்தனை. டாக்டர் குடும்பம் 25 வருஷத்துக்கு மேல் வரி கட்டி, எஃப்.சி. காட்டிக் காப்பாற்றி வைத்த காகிதம் அது. நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் அந்தக் காகிதத்துக்கு ஆபத்தா, இல்லையா என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சட்டம் எதைத் தடுக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுதான் இங்கே அடிப்படை. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஆர்.டி.ஓ. எதிர் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. அதற்கு முன்பு கேரள உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்வாகப் பார்த்திருந்தது. அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

'டொயோட்டாவே போட்ட எஞ்சின்தானே' என்ற உங்கள் வாதம் கெட்டிக்காரத்தனமானதுதான். நீதிமன்றத்தில் நானே ஒருமுறை முயன்று பார்க்க ஆசைப்படக்கூடிய வாதம். ஆனால் அது நிற்காது. 3எஸ்-ஜிடிஇ வந்தது செலிகா ஜிடி-ஃபோர் என்ற நான்கு சக்கர இயக்க மாடலில். அதன் சேஸி எஸ்.டி.205. உங்களுடையது முன்சக்கர இயக்கம், எஸ்.டி.202. ஒரே பெயர்ப்பலகை, ஒரே சிசி, ஒரே எஞ்சின் குடும்பம் என்றாலும் பதிவுப் புத்தகத்தின் கண்ணில் இவை இரண்டு தனி மாடல்கள். பதிவில் சிசி மட்டும் இருப்பதில்லை, எஞ்சின் நெம்பரும் குதிரைசக்தியும் கூட இருக்கின்றன. உங்கள் எஞ்சின் புதிதாக இருந்தபோது சுமார் 175 குதிரைசக்தி. ஜப்பான் சந்தைக்கான ஜிடி-ஃபோர் 255.

அந்த 14 நாள் விஷயத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 52ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் அந்தக் காலக்கெடு இருப்பது உண்மை. அதற்கு முந்தைய உட்பிரிவைச் சேர்த்துப் படித்தால் கதை வேறு. பத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும் போக்குவரத்து வாகன உரிமையாளர்கள், அதே மேக் (தயாரிப்பு), அதே வகை எஞ்சினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு சலுகை தரலாம். அப்படி மாற்றினால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும். லாரி, பஸ் முதலாளிகளை மனதில் வைத்து எழுதிய வரி அது. தடை செய்யப்பட்ட மாற்றத்தைச் செய்துவிட்டுத் தகவல் சொன்னால் அது அனுமதியாகிவிடாது. செய்த தவறை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

தண்டனை என்ன? 2019 திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஐயாயிரம்தானே' என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். உங்களைப் பொறுத்தவரை 182ஏவை விட ஆபத்தானது 55ஆம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு. வண்டியில் பொறித்த எஞ்சின் நெம்பரோ சேஸி நெம்பரோ ஆர்.சி.யில் இருப்பதிலிருந்து வேறுபட்டால், உரிமையாளரிடம் விளக்கம் கேட்டபின் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது அது. மேலே நான் சொன்ன காகிதம் போவது இப்படித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே செலிகாவின் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கீகாரம் பெற்ற கிட் மூலம் பேட்டரி வண்டியாக மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. சிஎன்ஜிக்கும் இருக்கிறது. எரிபொருள் வகையை மாற்றுவதற்கு 52ஆம் பிரிவே விதிவிலக்கு தருகிறது. டர்போவுக்குத் தருவதில்லை. எனக்கும் இதில் முழு உடன்பாடு கிடையாது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் மாற்றிய வண்டியைச் சோதித்து, சான்று கொடுத்து, பதிவில் ஏற்றும் முறை உண்டு. நம் ஊரில் புது வண்டிகளைச் சோதித்துச் சான்று தர ஒரகடத்திலும் புனேயிலும் பெரிய மையங்கள் இருக்கின்றன. ஆனால் தனி ஆள் ஒருவர் தன் ஒற்றை வண்டியை ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்கும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை. இந்த வருத்தத்தை எழுதலாம், மனு போடலாம். அதை வைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்ட முடியாது.

நெம்பர் பஞ்ச் விவகாரம்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். எஞ்சின் நெம்பரை அரைத்துவிட்டு வேறு நெம்பரை அடிப்பது வண்டித் திருடர்கள் செய்யும் வேலை. காவல்துறையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். 'என் பழைய எஞ்சின் நெம்பரைத்தானே அடித்தேன்' என்ற விளக்கம் ஸ்டேஷனில் எடுபடாது. அரைத்த இடத்தில் ரசாயனம் தடவிப் பழைய நெம்பரை மேலே கொண்டுவரும் முறை தடயவியல் கூடங்களில் வெகு காலமாக இருக்கிறது. ஒரு டர்போ எஞ்சினில் டர்போ இல்லாத வண்டியின் நெம்பர் இருப்பதைக் கண்டுபிடிக்க அதுகூடத் தேவையில்லை, செலிகா தெரிந்த ஆள் பானெட்டைத் திறந்தால் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தைத் தாண்டி, போலியாக்கம், ஏமாற்றுதல் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் தனி வழக்காகவும் இது போகக்கூடும். நாளைக்கு வண்டியை இன்னொருவருக்கு விற்றால், அவர் கொடுக்கும் புகார் வேறு.

எந்த பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது என்று சொன்னவர், நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ரோட்டில் நடக்கும் வாகனத் தணிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே உண்மையிலேயே யாரும் பார்க்க மாட்டார்கள். பார்ப்பது மூன்று இடங்களில். 2028இல் எஃப்.சி. புதுப்பிக்கும்போது, பெயர் மாற்றும்போது, ஒரு விபத்து நடந்தபிறகு. மூன்றாவதுதான் மோசம். ஆளுக்குக் காயமோ உயிர்ச்சேதமோ நடந்த விபத்தில் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கை குற்ற வழக்கிலும் இழப்பீட்டு வழக்கிலும் ஆவணமாக நிற்கும்.

இன்சூரன்ஸ் காப்பாற்றுமா?

உங்கள் நம்பிக்கை பாதி சரி. மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனி எளிதாகக் கழன்றுகொள்ள முடியாது. அவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்களைச் சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று, முக்கியமான உண்மையை மறைத்து பாலிசி எடுத்தது. 175 குதிரைசக்தி வண்டி என்று பாலிசி எடுத்துவிட்டு 255 குதிரைசக்தியோடு ஓட்டினால், கம்பெனியின் வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அப்போது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் கிடைக்காமல் போகுமா? பெரும்பாலும் போகாது. 'முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று நீதிமன்றம் உத்தரவிடும். ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்ன வழி இது. அந்த உரிமையாளர் நீங்கள்தான். சம்பாதிக்கும் வயதில் இருக்கும் ஒருவர் இறந்துவிட்டால், இழப்பீடு அவருடைய வருமானத்தையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்படும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. உங்கள் லேத் பட்டறை, வீடு, வங்கிக் கணக்கு எல்லாமே வசூல் நடவடிக்கைக்குள் வரும். ஏழரை லட்சத்துக்கு எஞ்சின் போடும்போது இந்தக் கணக்கை யாரும் எஸ்டிமேட்டில் எழுதித் தருவதில்லை.

நாளை ஏதாவது கம்பெனி முழு பாலிசி கொடுத்து, அதற்குப் பிறகு வண்டி சேதமானாலும் இதே பிரச்சினை வரும். நிபந்தனை மீறல் சிறியது என்றால் 75 சதவீதம் வரை தந்து முடிக்கும் வழக்கம் உண்டு. எஞ்சினையே மறைத்தால் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் சேஸி நெம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போகும்போது எஞ்சின் நெம்பரையும் பார்ப்பார்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்?

மூன்று யோசனைகளில் இரண்டாவதை முதலில் தள்ளிவிடுகிறேன். இருக்கிற எஞ்சினுக்கு டர்போ கிட் போட்டால் நெம்பர் மாறாது, சிசி மாறாது. அதனால் அது பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் 182ஏ பிரிவு பாகங்களைப் பிற்பாடு பொருத்தும் மாற்றத்தையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது. சட்டத்தை விடுங்கள், எஞ்சின் தாங்குமா? உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கணக்கு, 10க்கு 1 என்ற அளவை ஒட்டியது. டொயோட்டா அதே குடும்பத்தில் டர்போ வைத்தபோது அதை 8.5க்கு இறக்கியது. காரணமில்லாமலா இறக்கியிருப்பார்கள்? ஏற்கெனவே தேய்ந்த ரிங், ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை, அதன் தலையில் டர்போவின் பூஸ்ட் அழுத்தத்தையும் ஏற்றினால், எரிபொருள் நேரம் தவறி வெடித்து (நாக்) பிஸ்டனை உடைக்கும். மெஷின் ஷாப் வைத்திருக்கும் உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது யோசனைதான் என் தேர்வு. எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கொஞ்சம் குடைந்து அகலமாக்கி (ரீபோர்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், வால்வ் சீல், பேரிங், தேவைப்பட்டால் ஹெட் ஃபேஸிங். இது பழுதுபார்ப்பு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 86 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டத்தை அரை மில்லி கூட்டினால் 1998 சிசி 2021 சிசியாகிவிடுமே என்று உங்களைப் போன்றவர்கள் கணக்குப் போட்டுக் கேட்பார்கள். தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்ய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட ரிப்பேர் முறை. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று சட்டம் சொல்லும் வரையறைக்குள் அதைக் கொண்டுவருவது கடினம். பழைய பிஸ்டன், ரிங், பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. இன்றைக்கு உங்கள் வண்டி 175 குதிரைசக்தியில் ஓடவில்லை. ஒரு சிலிண்டர் படுத்த, 30 வருஷ எஞ்சின் அதில் எவ்வளவு தருகிறது என்று தெரியாமலேயே 'பவர் பத்தவில்லை' என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஒழுங்காகக் கட்டிய 3எஸ்-ஜிஇ எப்படி இழுக்கும் என்று நீங்கள் இதுவரை பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் பிரேக் டிஸ்க், நல்ல டயர், சஸ்பென்ஷன் புஷ், கூலண்ட் ஹோஸ் மாற்றினால், உங்கள் ஊரிலிருந்து வால்பாறை ஏறும்போது வித்தியாசம் தெரியும். கம்பெனி அளவிலேயே இருக்கும்வரை இவை வெறும் பராமரிப்பு.

எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழுந்திருந்து ரீபோருக்கே தாங்காது என்று தெரிந்தால், அதே 3எஸ்-ஜிஇ எஞ்சின் ஒன்றைத் தேடலாம். ஒரே மேக், ஒரே வகை எஞ்சினை முன்கூட்டியே அனுமதி வாங்கி மாற்றிப் புது நெம்பரை ஆர்.சி.யில் ஏற்றுவது நடைமுறையில் உள்ளதுதான். எஞ்சினை வாங்குவதற்கு முன்பு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் மனு கொடுங்கள். நெம்பர் குறிப்பிட்ட பில், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம், இறக்குமதி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி ஆகியவை இல்லாமல் எஞ்சினுக்குப் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டி எஞ்சின் இல்லை என்பதற்குக் காவல்துறைச் சான்று கேட்பதும் உண்டு. ஹாஃப் கட் விற்பவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் பேச்சை மாற்றுவார்கள். மாற்றினால் நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

சின்ன வேலைகள் பற்றி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தீர்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் எல்லாம் யாருக்கும் தொல்லை இல்லாதவை. சத்தம் போடும் சைலன்ஸர் வேண்டாம். ஒலி, புகை விதிகளை மீறினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, கூடவே லைசென்ஸும் மூன்று மாதம் போகும். கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றும் யோசனையும் வேண்டாம். உங்கள் வயதுடைய பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல எஞ்சின் இதில் பாதிகூடத் தொடாது. இப்போதிருக்கும் புகையோடு நீங்கள் போனால் தேறுவது சந்தேகம்.

255 குதிரைசக்தி ஆசை அடங்கவே இல்லையென்றால், கோவைக்காரர் என்ற முறையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைப் பக்கம் வந்தால் இருங்காட்டுக்கோட்டை. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும், லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் வண்டிக்கு ரோட்டுக்கான பதிவு தேவையில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் பந்தய அமைப்பின் விதிகள் வரும்: ரோல் கேஜ், தீயணைப்பான், ஹெல்மெட் என்று நீளும். அதற்கு இந்த செலிகாவைப் பலி கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கி அதில் உங்கள் லேத் வித்தையெல்லாம் காட்டுங்கள். நம் நாட்டில் பந்தயம் கற்றுக்கொண்ட எத்தனையோ பேர் அதில்தான் கற்றார்கள். தடத்தில் நடக்கும் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பைசா தராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கொடுத்த ஒன்றரை லட்சம்

இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான். சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. வேலை முடிந்தபிறகு எஞ்சின் சரியில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு இதைத் தூக்கிக் காட்டும். இரண்டு பேரும் சேர்ந்து செய்த தவறில் ஒருவருக்கு மட்டும் கைகொடுக்க நீதிமன்றம் தயங்கும். வேலை தொடங்குவதற்கு முன்பே விலகிக்கொள்பவரின் நிலை இதைவிட நல்லது.

ஆகவே ஒர்க்‌ஷாப்காரருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். எஞ்சின் மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டாம், நெம்பர் அடிப்பதற்கு எனக்குச் சம்மதம் இல்லை, முன்பணத்தை எஞ்சின் ஓவர்ஹாலுக்கு வரவு வைக்க வேண்டும் அல்லது திருப்பித் தர வேண்டும் என்று மூன்று வாக்கியம் போதும். கோபம் வேண்டாம், மிரட்டல் வேண்டாம். அவர் முறுக்கினால் ஒன்றை மட்டும் மெதுவாக நினைவுபடுத்தலாம்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 'டீலர்' என்பதன் விளக்கம் வண்டி ரிப்பேர் செய்பவரையும் சேர்த்துக்கொள்கிறது, விதியை மீறி வண்டியை மாற்றும் டீலருக்கு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஓவர்ஹாலுக்கு ஒத்துக்கொள்வார்கள். அப்படி ஒத்துக்கொண்டால் என்னென்ன பாகம், என்ன விலை, எத்தனை நாள் என்று புதிதாக ஒரு எஸ்டிமேட் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எஞ்சினை இறக்கும் நாளில் பிளாக்கில் இருக்கும் நெம்பரை நீங்களே படம் எடுத்து வையுங்கள். ஓவர்ஹாலுக்குப் போன பிளாக் வேறாகத் திரும்பி வந்த வழக்கும் என்னிடம் வந்ததுண்டு.

கடைசியாக, வெள்ளை நிறத்தைக் கரும்பச்சையாக மாற்றலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியிருந்தீர்கள். மாற்றலாம். பெயின்ட் அடிப்பதற்கு முன்பு ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, அடித்த பிறகு வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கடையில் ஷேடு கார்டு பார்க்கும்போது ஆலிவ் பச்சைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்.